இறக்கம் பார்க்காத வண்டிக்காரர்கள்

அன்று காலை திடலில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கோவிந்தசாமி. நாற்பது வயதுக்கு மேல். மாட்டு வண்டிக்காரர். அவருடைய ஊரும் வயலும் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போய்விட்டன.

காசிம். வடலூரில் பஸ் நிற்கும் இடத்தில் ஜட்கா ஓட்டியவர். வாய் ஓயாது.

ஏழுமலை. பக்கத்தில் வடக்குத்து ஊர்க்காரர். ஊரார் நிலத்தில் கூலிக்கு ஏரும் வண்டியும் ஓட்டியவர்.

அண்ணாமலை. ஏழுமலையின் தம்பி. அண்ணன் செய்வதையே செய்வார். கொஞ்சம் தாமதமாக.

தங்கராசு. செங்கல் சூளைக்கு வண்டி அடித்தவர்.

பயிற்சி அதிகாரி. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. ஜீப்பை விட்டு இறங்காமலே பேசுவார்.

ஒரு புல்டோசர். மஞ்சள் நிறம்.

நான்.

அறுபதுகளின் தொடக்கம் என்று நினைவு. நெய்வேலியில் முந்திரிக் காட்டை வெட்டி வெட்டிக் குவார்ட்டர்ஸ் கட்டிக்கொண்டிருந்த காலம். செம்மண் தூசியில் வெள்ளை வேட்டி ஒரு நாளைக்குமேல் வெள்ளையாக இருக்காது. நான் அணைக்கட்டு ஒன்றில் டோசர் ஓட்டிவிட்டு இங்கே வந்து சேர்ந்திருந்தேன்.

அதிகாரி ஜீப்பில் இருந்தபடியே சொன்னார். "ஒண்ணரை மாசம். இந்த அஞ்சு பேரையும் நீ தயார் பண்ணணும். டெஸ்ட்ல தேறினா ஆபரேட்டர், பெர்மனென்ட். தேறலைன்னா பழையபடி கான்ட்ராக்ட்ல மண்வெட்டி. புரிஞ்சுதா?"

"நான் படிச்சது அஞ்சாவதுங்க."

"அது டோசருக்குத் தெரியாது" என்றார். ஜீப் போய்விட்டது.

ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் டோசரைப் பார்த்தேன்.

பேசாத வாத்தியார்

எனக்குப் பேச வராது. இந்தத் தொடரைப் படித்து வருபவர்களுக்கு அது இந்நேரம் தெரிந்திருக்கும். ஒரு வரியில் முடிவதை இரண்டு வரியில் சொன்னால் எனக்கு மூச்சு வாங்கும்.

வீட்டில் போய் விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி சரோஜா முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து நீங்க என்கிட்ட பேசினதை எல்லாம் ஒரு போஸ்ட் கார்டுல எழுதிடலாம். நீங்க பாடம் நடத்தப் போறீங்களா?"

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மாள் சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பது கேட்டது. அங்கே சுவர்கள் அப்படி. ஒரு வீட்டுத் தாளிப்பு நாலு வீட்டுக்கு மணக்கும். மதுரைக்காரர் வீட்டுக் குழம்பு ஒரு மணம், தஞ்சாவூர்க்காரர் வீட்டு ரசம் ஒரு மணம். ரகசியமாகச் சமைக்கவும் முடியாது, ரகசியமாக வாத்தியாராகவும் முடியாது. மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் என்னை எல்லோரும் "சார்" என்றார்கள்.

என் முதல் பாடம் இது. டோசரில் ஏறி உட்கார்ந்தேன். "பாத்துக்குங்க" என்றேன். ஓட்டினேன். ஒரு சுற்று. இறங்கினேன். "புரிஞ்சுதா?" என்றேன்.

ஐந்து தலைகளும் ஆடின. அண்ணாமலையின் தலை கொஞ்சம் தாமதமாக.

கோவிந்தசாமியை ஏற்றினேன். அவர் இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கையைத் தொடையில் வைத்துக்கொண்டார். எஞ்சின் உறுமியது. வண்டி நகரவில்லை. அவரும் நகரவில்லை.

அந்தக் காலத்து டோசருக்கு ஸ்டியரிங் கிடையாது. இருக்கைக்கு முன்னால் இரண்டு லிவர்கள். சக்கரத்துக்குப் பதிலாக ஓடும் இரும்புச் செயின்களில் ஒன்று இடது செயினுக்கு, ஒன்று வலது செயினுக்கு. காலடியில் பிரேக். அவ்வளவுதான். எனக்கு அது கண்ணை மூடினாலும் வரும். அதனால்தான் அதை எப்படிச் சொல்வது என்று வரவில்லை.

எண்ணெய்த் துணி

நான் கற்றுக்கொண்ட கதை வேறு. அணைக்கட்டில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் வடக்கே எங்கிருந்தோ வந்தவர். அவர் பாஷை எனக்குத் தெரியாது. என் பாஷை அவருக்குத் தெரியாது. கையில் ஒரு எண்ணெய்த் துணியோடு என் பின்னால் நிற்பார். இடது பக்கம் தப்பு செய்தால் இடது தோளில் ஒரு அடி. வலது பக்கம் என்றால் வலது தோளில். இரண்டு தோளிலும் விழுந்தால் சாப்பாட்டு நேரம்.

ஆறே வாரத்தில் கற்றுக்கொண்டேன். சட்டைதான் தேறவில்லை.

அதே வழியைக் கோவிந்தசாமியிடம் ஒரு தடவை செய்து பார்த்தேன். மெதுவாகத்தான் தட்டினேன். வயதில் மூத்தவர்.

அவர் திரும்பிப் பார்த்தார். "இன்னாங்க, ஈ ஓட்றீங்களா?"

கீழே காசிம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். துணியை மடித்துப் பையில் வைத்தேன்.

அடுத்து அதிகாரி சொல்லும் வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்தேன். டிஸ்எங்கேஜ், டிராக், பவர். எனக்கே அவற்றில் பாதி புரியாது. மூன்று வாரம் இப்படிப் போயிற்று. டோசர் நேராகப் போகும். திரும்பாது. திருப்ப நினைத்தால் நின்றுவிடும். தங்கராசு ஒரு நாள் ஒரு முந்திரி அடிக்கட்டையோடு அரை மணி நேரம் சண்டை போட்டார். அடிக்கட்டை ஜெயித்தது.

காசிம் என்னிடம் வந்து பணிவாகக் கேட்டார். "வாத்தியாரே, நீங்க பேசினாலும் புரியல, பேசாட்டியும் புரியல. நடுவுல ஏதாவது இருக்குதுங்களா?"

ஓ… ஓ…

நடுவில் ஒன்று இருந்தது. அது ஜீப்பின் வடிவத்தில் வந்தது.

அதிகாரி பார்வையிட வந்து திடலின் ஓரத்தில் ஜீப்பை நிறுத்தியிருந்தார். கோவிந்தசாமி டோசரில் இருந்தார். டோசர் ஜீப்பை நோக்கிப் போனது. வேகமெல்லாம் இல்லை. கல்யாண ஊர்வலத்து யானை மாதிரி, ஆடி ஆடி. ஆனால் நிற்கிற மாதிரி இல்லை.

டிரைவர் ஒரு பக்கம் குதித்தார். அதிகாரி மறு பக்கம் குதித்தார். அவர் ஜீப்பை விட்டு இறங்கியதை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். காலில் பளபளப்பான ஷூ.

கோவிந்தசாமி அலறினார். "ஓ! ஓ! ஓஓஓ!" இரண்டு காலையும் முன்னால் உதைத்து, முதுகைப் பின்னால் சாய்த்து, இரண்டு லிவரையும் நெஞ்சுவரை இழுத்தார்.

டோசர் நின்றது. ஜீப்புக்கும் டோசரின் முன்பக்கப் பிளேடுக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகலாம்.

அதிகாரி ஏதோ கத்தினார். எனக்குக் கேட்கவில்லை. ஓடிப் போய் டோசரில் தொற்றினேன்.

"அண்ணே, இப்ப என்ன பண்ணினீங்க?"

"மாட்டை இழுத்துப் புடிச்சேங்க. தெரியாம வாயில வந்துட்டுது. கோச்சுக்காதீங்க."

"இன்னொரு தடவை பண்ணுங்க. இந்தத் தடவை இடது மாட்டை மட்டும் இழுங்க."

அவர் என்னைப் பார்த்தார். லிவரைப் பார்த்தார். முகம் மெல்ல விரிந்தது. இடது லிவரை இழுத்தார், வண்டிக்காரர் கயிற்றைச் சுண்டுகிற மாதிரி, மணிக்கட்டால். டோசர் ஜீப்பை விட்டு விலகி இடது பக்கம் அழகாகத் திரும்பியது.

"அட! இது நம்ம செவல!" என்று கத்தினார்.

அதன் பிறகு என்ன சொல்ல! இடது லிவர் செவலை மாடு, வலது லிவர் மயிலை மாடு. திடல் முழுவதும் ஒரே கூச்சல். "செவலயச் சுண்டு!" "மயிலய வுடாத, இழு!" ஏழுமலை எட்டு போட்டார். கொஞ்சம் தாமதமாக அண்ணாமலையும் எட்டு போட்டார். தங்கராசு போய் அந்த அடிக்கட்டையைப் பெயர்த்துவிட்டுத்தான் வந்தார்.

காசிமுக்கு மட்டும் ஒரு குறை. "எனக்கு ஒரே குதிர. ரெண்டு மாட்டுக்கு நான் எங்க போவேன்?"

"ஒண்ண நான் தரேன், ஓட்டு பாய்" என்றார் தங்கராசு.

அன்று மாலை வீட்டுக்கு வந்து நான் பேசினேன். நின்றுகொண்டே பேசினேன். தட்டை லிவர் மாதிரி இழுத்துக் காட்டினேன். ரசம் கொட்டியது. சரோஜா கையைத் தாடையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"போஸ்ட் கார்டு பத்தாது போல இருக்கே" என்றாள்.

ஏழுமலை, அண்ணாமலை, ஆனால் மலை இல்லை

சந்தோஷம் பத்து நாள் ஓடியது. பிறகு அதிகாரி சொல்லி அனுப்பினார். டெஸ்ட் திடலில் இல்லை. மண்மேட்டில்.

நெய்வேலிப் பக்கத்து நிலம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். தட்டு மாதிரி நிலம். வடலூர் வரை வண்டி ஓட்டினாலும் மாடு ஒரு தடவைகூட மூச்சு வாங்காது. ஒருத்தர் பெயர் ஏழுமலை, தம்பி பெயர் அண்ணாமலை. இரண்டு பேரும் ஒரு மலையிலும் கால் வைத்ததில்லை.

அங்கே இருந்த ஒரே மேடு நாங்கள் போட்டது. பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கிற மண்ணைத் தோண்டித் தோண்டி ஓரிடத்தில் கொட்டினோம். அது வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் அதை "மலை" என்று சொல்லிப் பார்க்கப் போவார்கள்.

அதன் உச்சிக்குக் கோவிந்தசாமி டோசரை ஏற்றினார். ஏறும்போது சிரமமே இல்லை. மேலே நின்று கையை ஆட்டினார். "வாத்தியாரே, எங்க ஊரு இருந்த எடம் தெரியுதுங்க!"

இறங்க ஆரம்பித்தார். பாதி வழியில் இடது பக்கம் திரும்ப வேண்டும். வலது பக்கம் ஒரு குட்டை. சுரங்கத்திலிருந்து ராப்பகலாக இறைக்கும் தண்ணீரில் கொஞ்சம் அங்கே வந்து தேங்கும்.

அவர் செவலையை இழுத்தார். டோசர் வலது பக்கம் திரும்பியது.

இன்னும் இழுத்தார். இன்னும் வலது பக்கம்.

இறக்கத்தில் டோசர் அப்படித்தான் செய்யும். என் கைக்கு அது தெரியும். அணைக்கட்டில் எண்ணெய்த் துணி சொல்லிக்கொடுத்தது. என் வாய் அதை இவர்களுக்குச் சொன்னதில்லை. மாட்டைச் சொன்ன சந்தோஷத்தில் இறக்கம் நினைவிலேயே இல்லை.

"ஓ! ஓ!" காலடியில் பிரேக் இருப்பதையே மறந்து இரண்டையும் சேர்த்து இழுத்தார். எஞ்சினின் பிடி மொத்தமாகப் போயிற்று. டோசர் உருண்டது.

"விடுங்க! ரெண்டையும் விடுங்க!" என்று கத்தினேன். விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஆனால் மாடு மிரண்டு ஓடும்போது கயிற்றை விடு என்று சொன்னால் எந்த வண்டிக்காரர் விடுவார்? நான் கத்தக் கத்த அவர் இன்னும் இறுக்கி இழுத்தார்.

குட்டையில் ஒரு எருமை படுத்திருந்தது. டோசர் வருவதைப் பார்த்தது. எழுந்தது. அவசரப்படாமல் கரையேறிப் போனது. டோசர் அது படுத்திருந்த இடத்தில் போய்ச் சேற்றில் உட்கார்ந்தது.

யாருக்கும் அடி இல்லை. கோவிந்தசாமி தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தார்.

"செவல என் பேச்சக் கேக்கலங்க" என்றார். சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

கரையில் உட்கார்ந்து வேட்டியைப் பிழிந்தார். பிழிந்துகொண்டே சொன்னார். "நான் மண்வெட்டிக்கே போயிடுறேங்க. மண்வெட்டி எறக்கத்துல ஓடாது."

"அண்ணே…"

"வயலு இல்ல. ஊரு இல்ல. உசுரு ஒண்ணு இருக்குது. அத ஏன் எருமக் குட்டையில கொண்டுபோய்ப் போடணும்?"

டெஸ்டுக்கு ஒரு வாரம் இருந்தது.

மூங்கிலும் துண்டும்

மறுநாள் கோவிந்தசாமி வந்தார். டோசரில் ஏறவில்லை. மேட்டின் அடியில் உட்கார்ந்து துரும்பைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். மற்றவர்களும் ஏறவில்லை. காசிம்கூடப் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மேட்டின் மேலே காவலுக்கு இருந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு அண்ணனும் தம்பியும் இறங்கி வந்தார்கள். ஒரு மூங்கிலின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, நடுவில் பானையைத் தொங்கவிட்டு, பக்கம் பக்கமாக. அண்ணாமலைக்குக் கால் வழுக்கியது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் அண்ணனுக்கு முன்னால் ஓடினார். மூங்கில் சுழன்றது. ஏழுமலை சுற்றிக்கொண்டு திரும்பினார். பானை உடைந்தது.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"அப்படியே இருங்க! அசையாதீங்க!"

"பானைங்க…" என்றார் ஏழுமலை.

"பானை கெடக்குது!"

இருவரையும் சமதரைக்குக் கூட்டி வந்தேன். மூங்கிலை முன்னால் குறுக்கே பிடிக்கச் சொன்னேன். கோவிந்தசாமியை எழுப்பி அவர்களுக்குப் பின்னால் நிறுத்தினேன்.

"அண்ணே, நீங்கதான் எஞ்சின். ரெண்டு பேர் முதுகுலயும் கை வெச்சுத் தள்ளுங்க."

தள்ளினார். இருவரும் நேராகப் போனார்கள்.

"இப்ப இடது ஆளை விட்டுடுங்க."

இடது கையை எடுத்தார். அண்ணாமலை பின்தங்கினார். மூங்கில் இடது பக்கம் திரும்பியது.

"லிவரை இழுத்தா அதுதான் நடக்குது. இழுக்கிறது இல்லண்ணே. விடுறது. எஞ்சின் அந்தப் பக்கத்துச் செயினைக் கைவிடுது."

இவ்வளவு நீளமாக நான் அதுவரை பேசியதில்லை. பிறகு மேட்டுக்கு ஏற்றினேன். இரண்டு பேர் இடுப்பிலும் துண்டைச் சுற்றி, நுனிகளைக் கோவிந்தசாமி கையில் கொடுத்தேன்.

"எறக்கத்துல எஞ்சின் தள்ளாது. புடிச்சுக்கும். புடிச்சுக்கிட்டே எறங்குங்க."

குதிகாலை ஊன்றிப் பிடித்துக்கொண்டே இறங்கினார். "இப்ப இடது ஆளை விடுங்க!"

விட்டார். அண்ணாமலை பிய்த்துக்கொண்டு ஓடினார். மூங்கில் வலது பக்கம் சுழன்றது. மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து செம்மண்ணில் உருண்டார்கள்.

கோவிந்தசாமி மண்ணிலிருந்து தலையைத் தூக்கினார். கண் புருவம்கூடச் சிவப்பு.

"அப்ப எறக்கத்துல இடது பக்கம் போவணும்னா…"

"சொல்லுங்க."

"மயிலய வுடணும்!"

"வுடுங்க!" என்று நான் கத்தினேன். என் வாயில் அவர்கள் ஊர்ப் பேச்சு வந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

காசிம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "நான் மாடு! நான் மாடு! எத்தன நாளு குதிரயாவே இருக்கறது!" தங்கராசு மறு முனையைப் பிடித்தார். ஏறினோம், ஓடினோம், விழுந்தோம், மறுபடி ஏறினோம். பிள்ளை குட்டி பெற்ற ஆண்கள். ஒரு தடவை நான் மாடானேன். விட்டபோது காற்று காதில் அடித்தது. கால் தரையில் பட்டதாகவே தெரியவில்லை. சிரித்துக்கொண்டே விழுந்தேன். வாயெல்லாம் மண்.

எழுந்தபோது எதிரே ஜீப் நின்றது.

அதிகாரி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "என்னய்யா நடக்குது இங்க?"

"பாடம்ங்க" என்றேன்.

எனக்கு அன்று தெரிந்தது இவ்வளவுதான். அவர்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்கலாம். அது எந்த இடத்தில் உதவாமல் போகும் என்பதையும் நாம்தான் கூடப் போய்க் காட்ட வேண்டும். கீழே நின்று கத்தினால் காதில் விழாது.

காலி டிரம்கள்

டெஸ்ட் அன்று மேட்டின் சரிவில் காலித் தார் டிரம்கள் வளைந்து வளைந்து நின்றன. அவற்றைச் சுற்றி நெளிந்து இறங்க வேண்டும். மூன்று டிரம் வரை விழலாம். நான்காவது விழுந்தால் மண்வெட்டி. வாத்தியார் வாயைத் திறக்கக்கூடாது. அது எனக்குக் கஷ்டமில்லை என்று அதிகாரி நினைத்திருப்பார்.

தங்கராசு ஒன்றையும் தொடாமல் இறங்கினார். காசிம் ஒன்றைத் தள்ளினார். அது தானாக விழுந்தது என்று வாதாடினார். ஏழுமலை இரண்டு. அண்ணாமலையும் இரண்டு. அண்ணன் தள்ளிய அதே இரண்டு.

கடைசியில் கோவிந்தசாமி.

உச்சியில் ரொம்ப நேரம் நின்றார். எஞ்சின் புகை நேராக மேலே போனது. பிறகு மூக்கு கீழே சாய்ந்தது.

முதல் வளைவு இடது பக்கம். அவர் இடது கை தானாக லிவருக்குப் போனது. இருபது வருஷத்துக் கை. டோசர் வலது பக்கம் ஒடிந்து முதல் டிரம்மைச் சாய்த்தது. சரி செய்வதற்குள் இரண்டாவதும் போயிற்று. கீழே குட்டை பளபளத்தது. காசிம் என் சட்டையைப் பிடித்து முறுக்கினார்.

டோசர் சரிவின் நடுவில் நின்றது. பிரேக்கை மிதித்திருந்தார். இரண்டு கையையும் லிவர்களிலிருந்து எடுத்தார். தோளிலிருந்த துண்டில் உள்ளங்கையைத் துடைத்தார். ஒரு கை, பிறகு மறு கை.

அவர் ஏதோ சொன்னது எஞ்சினுக்கு மேலே கேட்டது. "போடா மயில, வுட்டேன்!"

வலது லிவரை இழுத்தார். டோசர் இடது பக்கம் திரும்பியது. வாய்க்கால் தண்ணீர் மடை திரும்புகிற மாதிரி. அடுத்த வளைவில் செவலையை விட்டார். வலது பக்கம். என் தொண்டைவரை ஒரு கத்தல் வந்தது. விழுங்கினேன்.

கடைசி வளைவில் பிளேடின் முனை ஒரு டிரம்மை உரசியது. அது விழுந்தது. விழுந்தது மட்டுமில்லை, உருண்டது. உருண்டு போய்க் கீழே நின்ற டிரம்மை இடித்தது.

அந்த டிரம் சாய்ந்தது. நிமிர்ந்தது. மறு பக்கம் சாய்ந்தது. டங், டங், டங் என்று அடிப்பக்கம் தரையில் தட்டிக்கொண்டே ஆடியது.

கோவிந்தசாமி கீழே வந்து எஞ்சினை அணைத்தார். அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. டங். டங். சின்னதாக. இன்னும் சின்னதாக.

அதிகாரி மேட்டின் அடியில் போட்டிருந்த நாற்காலியை விட்டு எழுந்தார். சரிவில் ஏறினார். டிரம் ஆடி முடியும்வரை பக்கத்தில் நின்றார். பிறகு ஷூ நுனியால், விழுந்து கிடந்தவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

நான்காவது டிரம் நின்றுகொண்டிருந்தது.